கடல்மேல் பறக்கும் விமானம் கண்காணிப்புக்கு வெளியே போகக் கூடாது

2014 மார்ச் 8, அதிகாலை 1.21. மலேசிய ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் கட்டுப்பாட்டு மையத்தின் திரையிலிருந்து மறைந்தது. ஹோ சி மின் கட்டுப்பாட்டு மையம் கோலாலம்பூரைத் தொடர்புகொண்டு விசாரித்தபோது மணி 1.39. மீட்பு ஒருங்கிணைப்பு மையம் முடுக்கிவிடப்பட்டதோ காலை 5.30-க்கு. அதுவரை விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. 8.19 வரை அதிலிருந்து ஒரு செயற்கைக்கோளுக்கு அவ்வப்போது சமிக்ஞை போனது. அதில் இருப்பிடத் தகவல் மட்டும் இல்லை. ஐந்து இந்தியர்கள் உட்பட 239 பேர் அதில் இருந்தார்கள். 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவிய பிறகு, 2017 ஜனவரியில் அந்தத் தேடல் நிறுத்தப்பட்டது.

பயணிகள் விமானம் எந்தக் கடலைக் கடந்தாலும் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். விமானப் பயணிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் இவ்வமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

கரையிலுள்ள ரேடார் நடுக்கடல்வரை எட்டாது. ஆனால் ஏடிஎஸ்-பி கருவியுள்ள விமானம் தன் இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே செல்கிறது. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 இரிடியம் செயற்கைக்கோள்களில் ஏரியான் நிறுவனம் பொருத்திய கருவிகள் அதைக் கேட்டுத் தரைக்கு அனுப்புகின்றன. 2019-இல் கனடாவும் பிரிட்டனும் வட அட்லாண்டிக்கில் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தன. அதற்குமுன் அங்கே ஒரு விமானத்தின் இருப்பிடம் தெரியப் பத்து நிமிடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். இப்போது சில விநாடிகள் போதும். ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் விமானங்களுக்கு இடையே விட்ட 40 கடல் மைல் இடைவெளியை 14 வரை குறைக்கவும் முடிந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் எத்தியோப்பிய விமானம் விழுந்து 157 பேர் இறந்தார்கள். முந்தைய லயன் ஏர் விபத்தோடு அதற்கிருந்த ஒற்றுமையைச் செயற்கைக்கோள் தரவு காட்டியது. மூன்றே நாளில், அந்தத் தரவைச் சுட்டிக்காட்டியே அவ்விரு விமானங்களின் ரகமான போயிங் 737 மேக்ஸுக்குக் கனடா தடை விதித்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் எம்எச்370-இல் மௌனமாகிவிட்டது. இன்றைய செயற்கைக்கோள்கள் அன்று இருந்திருந்தாலும் அவற்றின் காதில் எதுவும் விழுந்திருக்காது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் போலி கலந்தாலோ, விமானம் தவறான இடத்தைத்தான் அறிவிக்கும். ஆகவே, செயற்கைக்கோள் வந்துவிட்டது என்று ரேடார்களைக் கழற்றுவதை இவ்வமைப்பு ஏற்காது.

ஆபத்து நேர்ந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே இருப்பிடத்தை அனுப்பும் ஏற்பாடு வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐகாவோ விதி வகுத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது 2024 முதல் வரும் பெரிய புதிய விமானங்களுக்கு மட்டுமே. பயணச்சீட்டு வாங்குபவர் விமானத்தின் வயதைக் கேட்டு வாங்குவதில்லை. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்களிலும் இந்த ஏற்பாட்டைச் செய்ய ஐகாவோ உறுப்பு நாடுகள் காலக்கெடு விதிக்க வேண்டும் என இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.