துறைமுகச் சேறு செங்கல் ஆகட்டும்!

கப்பல்கள் தரைதட்டாமல் வந்து போக வேண்டுமானால் துறைமுகத்தில் அடிக்கடி தூர் வார வேண்டும். வாரிய சேற்றைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுவதே பல இடங்களில் வழக்கம். இது சரிதானா, மாணவர்களே?

சேறு என்பது மணலும் நுண்ணிய களிமண்ணும் கலந்த பொருள். செங்கல் சூளைக்காரர் தேடி அலைவதும் களிமண்ணைத்தான். அதை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் சுட்டால் துகள்கள் ஓரளவு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செங்கல்லும் ஓடும் இவ்வாறே உருவாகின்றன.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் எல்பே ஆற்றின் மீது உள்ளது. மேற்புறத் தொழிற்சாலைகளின் கன உலோகங்களை அந்த ஆறு துறைமுகச் சேற்றில் கொண்டுவந்து சேர்த்தது. எனவே, சேற்றிலிருந்து மணலைப் பிரித்தெடுக்கும் பெரிய ஆலை ஒன்று 1993இல் அங்கே இயங்கத் தொடங்கியது. எஞ்சிய வண்டலைச் செங்கல்லாகச் சுடும் முயற்சியும் 1990களில் நடந்தது.

நாமும் இவ்வழியில் செல்ல வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஹாம்பர்க் ஆற்றுத் துறைமுகம். கடற்சேற்றிலோ உப்பு மிகுதி. அதைக் கழுவி நீக்காமல் சுட்டால் சுவரில் வெள்ளை பூக்கும். சூளைப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு கலக்கும். ஈயம் போன்றவற்றின் பெரும்பகுதி சுட்ட மண்ணுக்குள் சிறைப்பட்டுவிடும். பாதரசமோ ஆவியாகிப் புகையோடு போய்விடும். குரோமியம் நீரில் எளிதில் கரையும் வடிவத்துக்கு மாறவும் கூடும். ஆகவே, ‘சுட்டால் நஞ்சு தீர்ந்தது’ என்பது பாதி உண்மையே. செங்கல்லைப் பொடித்து நீரில் ஊறவைத்து, கரைந்து வருவதை அளந்த பிறகே விற்க அனுமதிக்க வேண்டும்.

‘வயல் மண் மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். வளமான மேல்மண் ஓர் அங்குலம் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இழப்பைக் கணக்கில் சேர்க்காததால்தான் அது மலிவாகத் தெரிகிறது. அனல் மின் நிலையச் சாம்பலைச் செங்கல்லில் பயன்படுத்த மத்திய அரசு 1999இல் ஆணையிட்டதற்கு மேல்மண்ணைக் காப்பதும் ஒரு காரணம். சாம்பலுக்குப் பொருந்திய நியாயம் சேற்றுக்கும் பொருந்தாதா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆற்றில் ஆலைக்கழிவு கலக்காவிட்டால் சோதனைச் செலவு பெருமளவு குறையும். நல்ல செங்கல்லுக்கான வேலை சூளையில் அல்ல, ஆற்றங்கரையிலேயே தொடங்குகிறது.