அளக்காத திறமைக்குக் கடைசி இடமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளி அணிகளுக்கான செஸ் போட்டி ஒன்றை நடத்தினோம். சேரியில் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள்தான் அமைப்பாளர்கள். 16 பள்ளிகள், அணிக்கு நான்கு பேர், மொத்தம் 64 மாணவர்கள். பலகையில் கட்டங்களும் 64 என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மதியம் எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. மேடையில் அண்ணல் அம்பேத்கரின் படம். சமத்துவமான போட்டி ஒன்றை நடத்துகிறோம் என்ற நிறைவோடுதான் காலையில் அரங்கத்துக்குள் போனேன். மாலையில் அந்த நிறைவு என்னிடம் இல்லை.

சுவிஸ் முறையில் ஐந்து சுற்றுகள் என்று முடிவு செய்திருந்தோம். எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோத நேரம் போதாதபோது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் முறை அது. அணிகளை ஆட்டக்காரர்களின் ரேட்டிங் சராசரிப்படி வரிசைப்படுத்துவார்கள். முதல் சுற்றில் பட்டியலின் மேல் பாதி கீழ் பாதியோடு மோதும். அதாவது முதல் அணி ஒன்பதாவது அணியோடு, இரண்டாவது அணி பத்தாவது அணியோடு. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி பெற்றவர்கள் மோதுவார்கள். கணினியில் பெயர்களை ஏற்றினால் அதுவே வரிசைப்படுத்தி, இணை சேர்த்துக் கொடுத்துவிடும்.

கணினி தந்த பட்டியலில் முதல் எட்டு இடங்களும் தனியார் பள்ளிகளுக்கு. அரசுப் பள்ளிகள், அரசு உதவிபெறும் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் 9 முதல் 16 வரை. இந்த எட்டு அணிகளில் ஒருவருக்கும் ரேட்டிங் இல்லை. எல்லோருக்கும் பூஜ்யம் என்றால் கணினி ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்றின் பெயரை 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் சுருக்கமாகத் தட்டச்சு செய்தவன் நான்தான். அதனால் அது ஒன்பதாவது அணி ஆனது. முதல் சுற்றிலேயே முதல் அணியின் முன்னால் போய் உட்கார்ந்தது.

முதல் சுற்றின் எட்டு மோதல்களிலும் மேல் பாதியே வென்றது. ஆறு மோதல்களில் 4-0. பல மாணவர்களுக்கு அதுதான் பள்ளிக்கு வெளியே ஆடிய முதல் போட்டி. அந்தப் போட்டியின் முதல் ஒரு மணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது, தாங்கள் எந்த இடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைத்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு அரசுப் பள்ளி அணிகள் ஆட வரவில்லை. "பசங்க வீட்டுக்குப் போலாங்குறாங்க சார்" என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

ஒன்பதாவது அணியின் முதல் பலகையில் ஆடியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. எங்கள் இரவுப் பாடசாலைக்கும் வருபவள். எதிரில் 1700-க்கு மேல் ரேட்டிங் உள்ள மாணவன். ஆட்டத்தின் நடுவில் அவள் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தாள். ஆனால் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டாள். எதிராளி யோசித்துக்கொண்டிருக்க, ஓடியதெல்லாம் அவளுடைய நேரம். ஆட்டத்துக்கு வெளியே இருப்பவர் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அமைப்பாளனாக நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்து அவள் தோற்றாள். கை கொடுக்கும்போது எதிரில் இருந்த மாணவன், "நீ ஜெயிக்க வேண்டிய கேம் இது" என்றான்.

பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "தோத்தது பரவால்லண்ணா. இந்தக் கடிகாரத்த முன்னாடியே ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல?"

எங்கள் பாடசாலையில் பலகைகள் இருந்தன, கடிகாரம் இல்லை. அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அன்று இரவு நாற்காலிகளை அடுக்கும்போது தோழர் ஒருவர், "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, நாம என்ன பண்ண முடியும்?" என்றார். விதி ஒன்றுதான். ஆனால் அந்த விதி எதை வைத்து வரிசை போடுகிறது என்று பார்க்க வேண்டும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு ஆடினால்தான் ஒருவருக்கு ரேட்டிங் கிடைக்கும். அதற்கு நுழைவுக் கட்டணம் வேண்டும், பயணச் செலவு வேண்டும், வெளியூரில் தங்க இடம் வேண்டும். கூட வரும் அப்பாவோ அம்மாவோ அத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும். அந்த மாணவனின் 1700 பொய் என்று நான் சொல்லவில்லை. அவன் உழைத்துப் பெற்றது. ஆனால் அவளுடைய பூஜ்யம் அவளுடைய திறமையின் அளவு அல்ல. யாரும் அளக்கவில்லை என்பதற்கான குறி மட்டுமே. அளக்காததை இல்லாதது என்று எழுதி, இல்லாததைக் கடைசியில் வைத்தோம். அவளுடைய திறமையை அந்த அரங்கத்தில் சரியாகச் சொன்னது எங்கள் பட்டியல் அல்ல, எதிரில் உட்கார்ந்து ஆடியவன்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருக்கும் எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. உயர்கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுப் பேராசிரியர் பணியிடங்களைக் காலியாக வைக்க எழுதப்படும் வாசகம், 'பொருத்தமானவர் எவரும் கிடைக்கவில்லை' என்பது. அங்கே அதைப் படித்துக் கொதிப்பவன், இங்கே அதே கணக்கைக் கணினியில் போட்டுப் பட்டியலாக ஒட்டினேன்.

"இது வர்க்கப் பிரச்சனைதானே, சாதி எங்கே வந்தது?" என்று சிலர் கேட்பார்கள். பணம் மட்டும் இருந்தால் போதாது. எந்த மாதம் எந்த ஊரில் போட்டி என்ற தகவல் வந்து சேர வேண்டும். கூட்டிப்போக விவரம் தெரிந்த ஒரு பெரியவர் வேண்டும். ஊர்த்தெருவில் உள்ள பயிற்சி மையத்துக்குள் கூச்சமின்றி நுழைய முடிய வேண்டும். இவையெல்லாம் நம் ஊர்களில் சாதிவழியாகத்தான் கைமாறுகின்றன.

செஸ் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே போகும் நாட்டு முறையில் ஆடி வளர்ந்தவர். நிலப்பிரபு ஒருவரின் பரிவாரத்தோடு இங்கிலாந்து போய், 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே வென்றார். 1966-இல் இறக்கும்வரை எந்தப் பட்டமும் அவருக்கு வரவில்லை. கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை ஃபிடே 2024-இல்தான் வழங்கியது. பட்டம் வராத காலம் முழுவதும் அவருடைய ஆட்டத்தின் தரம் ஒன்றாகவேதான் இருந்தது.

அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். இரு பக்கமும் 16 காய்கள் இருப்பதைக் காட்டி, செஸ் சாதி பார்க்காது என்று பேசுகிறவர்கள் அந்த உரையைப் படிக்க வேண்டும். பலகைக்குச் சாதி தெரியாது. பலகை வரை வந்து சேரும் வழிக்குத் தெரியும்.

இரண்டாவது போட்டியைச் சென்ற ஆண்டு மாற்றி நடத்தினோம். போட்டிக்கு ஆறு வாரம் முன்பே, கடிகாரம் இல்லாத பள்ளிகளுக்கு ஆளுக்கு ஒரு வாரம் இரண்டு கடிகாரங்களைச் சுற்றில் விட்டோம். மற்ற நாட்களில் பழக, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் கடிகாரச் செயலியைக் காட்டிக்கொடுத்தோம். பேருந்துச் செலவைக் கொடுத்தோம். சுவிஸ் முறையை விட்டுவிட்டு நான்கு பிரிவுகளாக்கினோம். ஒவ்வொன்றிலும் ரேட்டிங் உள்ள அணிகள் இரண்டு, இல்லாத அணிகள் இரண்டு. எந்தப் பிரிவில் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். முதல் சுற்றில் ரேட்டிங் இல்லாத அணிகள் தங்களுக்குள் மோதின. பிரிவில் மூன்று ஆட்டங்கள், பிறகு ஒரே இடம் பிடித்த அணிகளுக்குள் இரண்டு ஆட்டங்கள். கடைசி இடத்துக்கும் ஆட்டம் இருந்ததால் மாலை வரை எந்த அணியும் கிளம்பவில்லை.

முதலிடம் பெற்றது அதே தனியார் பள்ளிதான். சென்ற முறை 13-ஆவதாக வந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளி அணி இம்முறை ஆறாவது. அந்த மாணவி ஐந்தில் மூன்று ஆட்டங்களை வென்றாள். வென்ற அணியின் தகுதி இதனால் குறைந்துவிடவில்லை. போட்டியின் தரமும் கெட்டுவிடவில்லை.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, அரசுப் பள்ளிகளில் பள்ளி அளவிலிருந்து மாவட்ட அளவு வரை போட்டிகள் நடந்தன. அந்த ஆர்வத்தை அரசு தொடர வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் பள்ளிகள் எடுத்துப் பயன்படுத்தக் கடிகாரங்கள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளி மாணவர்கள் ரேட்டிங் போட்டிகளில் ஆடக் கட்டணத்தையும் பயணச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். போட்டி நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பட்டியலை ஒட்டும் முன்பு அதன் கீழ்ப்பாதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். யார் அங்கே இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

எங்கள் மூன்றாவது போட்டி வரும் ஜனவரியில். பாடசாலையில் இப்போது நான்கு கடிகாரங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவற்றை அழுத்தப் பழக்குவது அந்த மாணவிதான்.