‘மரமண்டை’, ‘குடிகாரன்’, ‘பேய்’: வலிப்புக்குச் சாதி வைத்த பெயர்கள்

நாங்கள் மாலைப் படிப்பகம் நடத்தும் காலனியில் நான்காம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வருவாள், நடுவில் சட்டென்று நின்றுவிடுவாள். கண் ஒரே இடத்தில் நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும். பத்து நொடிதான். பிறகு எதுவும் நடக்காததுபோல எங்களைப் பார்ப்பாள். எந்த இடத்தில் விட்டோம் என்று அவளுக்கே தெரியாது. பள்ளியில் இதற்குக் கிடைத்த பெயர் ‘மரமண்டை’. “இதுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது” என்று ஆசிரியர் அவள் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். அந்த ‘இதுங்க’ யார் என்பது நமக்குத் தெரியும்.

எங்களுக்கும் முதலில் புரியவில்லை. கவனம் சிதறுகிறது என்றே நினைத்தோம். ஒரு தோழர் ஒருநாள் எண்ணிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு முறை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். மருத்துவர் அவள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில் ஊதுவது நின்றது, கண் நிலைத்தது. “இதுவும் வலிப்புதாம்மா” என்றார். அம்மா நம்பவில்லை. “கை கால் இழுக்கலையே சார்?”

அந்த அம்மா கேட்டதை நம்மில் பெரும்பாலோர் கேட்போம். கீழே விழுந்து, கை கால் வெட்டி, நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று சினிமா நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின்துடிப்பால் பேசிக்கொள்கின்றன. அந்தத் துடிப்பு கட்டுமீறிப் போகும்போது வருவது வலிப்பு. மூளையின் எந்தப் பகுதியில் அது நடக்கிறதோ, அந்தப் பகுதியின் வேலைதான் வெளியே தடுமாறும். அதனால் வலிப்புக்குப் பல முகங்கள் உண்டு. நம் சமூகம் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வசையை வைத்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு வந்தது ‘ஆப்சென்ஸ்’ எனப்படும் வகை. குழந்தைகளுக்கு அதிகம் வரும். நாளைக்குப் பல முறை வரலாம். பத்து நொடி காணாமல் போகும் மாணவி பாடத்தின் பாதியைத் தவறவிடுகிறாள். அதே பத்து நொடி ஊர்த்தெருப் பிள்ளைக்கு வந்திருந்தால் ‘என்னம்மா ஆச்சு’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். நம் பிள்ளைக்கு விடை முன்பே தயாராக இருந்தது.

இரண்டாவது, மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் ‘ஃபோக்கல்’ வலிப்பு. சிலருக்கு நினைவு தப்பாது. ஒரு கை மட்டும் துடிக்கும், இல்லாத நாற்றம் வீசும், காரணமில்லாமல் பயம் கவ்வும். வேறு சிலருக்கு நினைவு மங்கிவிடும். உதட்டைச் சப்புவார்கள், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பார்கள், திசை தெரியாமல் நடப்பார்கள், கேட்டால் பதில் வராது. எங்களுக்குத் தெரிந்த கட்டிடத் தொழிலாளி ஒருவர் இப்படிப் பேருந்து நிலையத்தில் நடந்து ஒரு பெண்மேல் மோதிவிட்டார். குடிகாரன் என்று அடித்தார்கள். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. சித்தாள் வேலை, அழுக்குச் சட்டை, கறுத்த உடம்பு. கூட்டத்துக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

மூன்றாவது, எல்லோரும் அறிந்த பெருவலிப்பு. உடல் விறைத்து விழும், பிறகு வெட்டி வெட்டி இழுக்கும், சிறுநீர் பிரியலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கும். பெண்ணுக்கு வந்தால் பேய். பூசாரிக்குக் கொடுத்த பணத்தைக் கணக்குப் போட்ட ஒரு தாய் எங்களிடம் அழுதிருக்கிறார்.

இன்னும் இரண்டு உண்டு. காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி டீ தம்ளர் கீழே விழுவது ‘மயோக்ளோனிக்’. வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒரு வலிப்பு நோயில் இது முக்கிய அறிகுறி. தேர்வுக்காக விடிய விடியக் கண்விழித்தால் கூடும். இதைப் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். உடல் திடீரெனத் தளர்ந்து பொத்தென்று விழுவது ‘அடோனிக்’. ஒருமுறை வலிப்பு வந்தாலே அது வலிப்பு நோய் ஆகிவிடாது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

இனி நாம் அதிகம் கேட்கும் வசைக்கு வருவோம். ‘பன்றி தின்னா வலிப்பு வரும்.’ இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இந்தப் பொய் நிலைக்கிறது. பன்றி நாடாப்புழுவின் கட்டி மூளையில் தங்கினால் வலிப்பு வரும். வேலூர் மாவட்டத்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டியே காரணம் என்று கண்டது. ஆனால் அது மூளைக்குப் போகும் வழி வேறு. சரியாக வேகாத, புழுக்கட்டி உள்ள கறியைத் தின்றால் குடலில்தான் புழு வளரும். அந்தப் புழுவின் முட்டை மனித மலத்தில் வெளியேறும். அந்த முட்டை தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக வாய்க்குள் போனால்தான் மூளையில் கட்டி வரும். கறியே தொடாதவருக்கும் வரும். கறியை நன்றாக வேகவைத்தால் புழுக்கட்டி செத்துவிடும். ஆகவே கேள்வி நம் தட்டில் என்ன இருக்கிறது என்பதல்ல. காலனிக்குக் கழிப்பறையும் சாக்கடையும் சுத்தமான குடிநீரும் ஏன் வரவில்லை என்பதுதான். மலம் அள்ளும் வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, மலத்தால் பரவும் நோய்க்கு நம் சோற்றைக் குற்றம் சொல்கிறார்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் அதை வாங்கப் போனால் ஒருநாள் கூலி போகும், பேருந்துக் காசு போகும். அறுவடைக் காலத்தில் மாத்திரை விட்டுப்போகும், வலிப்பு திரும்பும். ‘சொன்னதைக் கேக்கமாட்டாங்க’ என்ற பேச்சும் கூடவே வரும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தரும் அரசிடம், வலிப்பு மாத்திரையும் அதே பையில் வரவேண்டும் என்று கேட்போம்.

அரசை மட்டும் கேட்டால் போதாது. இரட்டைத் தம்ளரை எதிர்த்து நின்ற நம் தெருவிலேயே வலிப்பு வந்த பெண்ணுக்குத் தனித்தட்டு வைத்ததைப் பார்த்திருக்கிறோம். வலிப்பு தொற்று அல்ல. தொட்டால் ஒட்டாது. இந்துத் திருமணச் சட்டத்தில் தகுதிக்குறையாக இருந்த ‘வலிப்பு’ என்ற சொல்லை 1999இல் நீக்கிவிட்டார்கள். நம் வீடுகளில் அது இன்னும் நீங்கவில்லை. தீட்டு என்ன செய்யும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

தோழர்களே, இவற்றை மட்டுமாவது நம் தெருவில் சொல்லுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள், அதனால் நிற்காது. வாயில் எதையும் திணிக்காதீர்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், இழுப்பு அடங்கியதும் ஒருபக்கமாகப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், தெளியாமலே மீண்டும் வந்தால், கர்ப்பிணியாக இருந்தால், முதல்முறை என்றால் 108ஐ அழையுங்கள். தெளியும்வரை கூடவே இருங்கள். வீட்டார் சம்மதித்தால் செல்போனில் பதிவுசெய்து மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். எந்த வகை என்று கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும். மாத்திரையை யாரும் தானாக நிறுத்த வேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் நிலைத்த பார்வை நின்றது. வாய்ப்பாட்டைப் பதினாறுவரை நிற்காமல் சொல்கிறாள். ‘ஏறாது’ என்ற ஆசிரியர் இன்னும் அதே பள்ளியில் இருக்கிறார். அவர் வகுப்பில் இன்று எத்தனை பிள்ளைகள் பத்து நொடி காணாமல் போகிறார்கள் என்று யாராவது எண்ண வேண்டும். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். நாங்கள் தொடங்கிவிட்டோம்.