நிசாரை எதனால் அளப்பது?

கிரிக்கெட் பேசப்படாத கல்லூரி முற்றம் நம் நாட்டில் அரிது. அப்பேச்சில் முற்கால வேகப்பந்து வீச்சாளர் ஒருவரின் பெயர் எழுமாயின், இளைஞர் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை விக்கெட்?" என்பதே. முதியோரோ, "எங்கள் காலத்து வேகம் இன்று ஏது?" என்று பெருமூச்செறிவர். இவ்விரண்டுமே தக்க அளவுகோல் ஆகா என்பது என் கருத்து.

முகமது நிசாரை எடுத்துக்கொள்வோம். 1910-இல் ஹோஷியார்பூரில் பிறந்தவர். 1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் திடலில் இந்தியா தனது முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியபோது முதற்பந்தை வீசியவர். ஆடிய டெஸ்ட் 6. வீழ்த்திய விக்கெட் 25. அதே லார்ட்ஸில் 2024-இல் விடைபெற்ற ஜேம்ஸ் ஆண்டர்சன் 188 டெஸ்டுகளில் 704 விக்கெட் எடுத்தார். வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் 21 ஆண்டுகள் உடல் தளராது நின்றது பெருமையே. அதனைக் குறைத்துரைக்க வரவில்லை. ஆனால் 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடியவையே 7 டெஸ்டுகள்தாம்; அடுத்த டெஸ்ட் 1946-இல்தான் வாய்த்தது. கிட்டிய வாய்ப்பின் எண்ணிக்கையை ஆற்றலின் எண்ணிக்கையாகக் கொள்வது எங்ஙனம் முறையாகும்?

அப்படியாயின் சராசரியைப் பார்க்கலாமே என்பர். விக்கெட் ஒன்றுக்கு நிசார் கொடுத்த ஓட்டம் 28.28. வேகத்திற்கே இலக்கணமெனப் போற்றப்படும் ஹெரால்டு லார்வூட் கொடுத்ததோ 28.35! இவ்வொற்றுமை நமக்கு இனிக்கிறது. எனினும் சராசரியும் ஏமாற்றவல்லது. சிட்னி பார்ன்ஸ் 27 டெஸ்டுகளில் 16.43 சராசரியில் 189 விக்கெட் எடுத்தார் (அவரை முழு வேகக்காரர் என்பதா என்பது தனி வழக்கு). அவற்றுள் 83, அன்று வலுக்குறைந்திருந்த தென்னாப்பிரிக்காவிடம் பெற்றவை. 1913-14 தொடரின் 49 விக்கெட்டுகளோ பாய் விரித்த ஆடுகளங்களில் விழுந்தவை. அவர் பெருமையை நான் அந்த 49-இல் காணேன். 1911-12-இல் ஆஸ்திரேலிய மண்ணிலேயே ஆஸ்திரேலியரிடம் எடுத்த 34-இல் காண்பேன். யாரை, எவ்விடத்தில் வீழ்த்தினார் என்பதன்றோ கேள்வி!

எண்கள் சொல்லாததைச் சான்றோர் சொல்லக்கூடும். ஆயின் சான்றையும் ஆராய வேண்டும். நபிமொழித் தொகுப்பாளர்கள் ஒரு செய்தியை ஏற்கும் முன், அதனை அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், அவர்தம் நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையன என்று அறிவிப்பாளர் தொடர் முழுவதையும் ஆராய்ந்தனர். அப்புனிதப் பணியோடு விளையாட்டை ஒப்பிடுதல் தகாது. அதன் ஒழுங்கை மட்டும் கடன் பெறலாம்.

தொடக்க வீச்சில் நிசார் லார்வூட்டினும் விரைவு மிக்கவர் என்று சி.கே. நாயுடு கூறியதாகச் செய்தி உண்டு. நாயுடு லார்ட்ஸில் அணித்தலைவராக நின்று நிசாரை நேரில் கண்டவர், ஆகவே தகுதியுடையவர். தம் அணியினர் என்னும் பற்றும் அவருக்கு இருந்திருக்கக்கூடும். ஆகவே பற்றற்ற வேறொரு சாட்சி வேண்டும். அது அன்றைய ஆட்டக் குறிப்பேடு. ஹெர்பர்ட் சட்கிளிஃப்பும் பெர்சி ஹோம்ஸும் யார்க்‌ஷயருக்காக முதல் விக்கெட்டுக்கு 555 ஓட்டங்கள் குவித்து ஏறத்தாழப் பத்து நாள்களே ஆகியிருந்தன. அவ்விருவரின் ஸ்டம்புகளையும் நிசார் சாய்த்தார்: ஒருவர் 3 ஓட்டம், மற்றவர் 6. பின்னர் ஒரு ரன் அவுட்டும் சேர, இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் இழந்து தவித்தது. அந்த இன்னிங்ஸில் நிசார் 93 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அன்று வேகத்தை அளக்கும் கருவி இல்லை. உச்ச நிலையில் இருந்த அவ்விணையின் சாய்ந்த ஸ்டம்புகளே எனக்குப் போதும்.

இதனைக் கொண்டு நிசார் ஆண்டர்சனினும் பெரியவர் என வாதிட மாட்டேன். 6 ஆட்டங்கள் அதற்குப் போதா. தம் காலத்துத் தலைசிறந்த வேகக்காரருள் ஒருவர் என்பதற்கு மட்டும் தயங்காது சான்றளிப்பேன்.

1936-இல் ஓவல் திடலில் மீண்டும் ஓர் இன்னிங்ஸில் 5 விக்கெட் வீழ்த்தியபோது அவருக்கு வயது 26. அதுவே அவரது இறுதி டெஸ்ட். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் வாழ்ந்து, 1963-இல் லாகூரில் மறைந்தார். இரு நாட்டு உள்நாட்டு வெற்றியணிகளும் மோத அவர் பெயரால் 2006-இல் ஒரு கோப்பை தொடங்கப்பெற்றது. 2008-க்குப் பின் அதுவும் ஆடப்படவில்லை.