தன்னிறகைத் தானே பிடுங்கும் கிளி

முன்னையாண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், பாடசாலை விட்ட பின்னர், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்தான். "சேர், எங்கடை கிளிக்கு நெஞ்சிலே இறகு கொட்டுது. நாவூறெண்டு அம்மா சொல்லுறா. எண்ணெய் பூசச் சொல்லி அப்பாச்சி சொல்லுறா. என்ன செய்யிறது?" என்று வினாவினான். நமக்கோ அன்று விடைத்தாள் திருத்தும் அவசரம். "பறவைகள் ஆண்டுதோறும் இறகுதிர்ப்பது இயற்கை, தம்பி, பழையது போகப் புதியது தானே முளைக்கும், பயப்பட ஒன்றுமில்லை" என்று கூறி அனுப்பிவிட்டோம். அவன் நம் சொல்லை நம்பினான். வீட்டிலும் போய்ச் சொன்னான். ஆசிரியர் சொன்னாரென்றபடியால் அவ்வீட்டார் அதன்பின் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த தை மாதம், பொங்கலுக்கு மறுநாள், வேறு அலுவலாக அவ்வழியாற் சென்றபோது அவன் தந்தையார் நம்மை உள்ளே அழைத்தார். விறாந்தையிலே கூடு தொங்கிற்று. தலை இளந்தளிர் போன்ற பச்சை; அலகு செக்கச் சிவந்தது; கழுத்தில் ஆண்கிளிக்குரிய செவ்வாரம் அழகாக ஓடிற்று. ஆனால், அந்த ஆரத்தின் கீழே கிளியில்லை. உரித்த கோழிக்குஞ்சு ஒன்றுதான் இருந்தது. சாம்பல் நிறத் தூவி இங்குமங்கும் ஒட்டிக்கொண்டிருக்க, நெஞ்சும் தொடையும் வெறுந்தோலாய்ச் சிவந்திருந்தன. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலையைக் குனிந்து, அப்போதுதான் முளைத்த குருத்திறகொன்றை அலகாற் பற்றி இழுத்தது, மெல்லக் கீச்சிட்டது, பிடுங்கிய இறகைச் சிறிது நேரம் மென்று கீழே போட்டது. இறகின் அடியில் இரத்தம் இருந்தது.

நாம் கூறிய விடை பொதுவாக உண்மை. அந்தக் கிளியைப் பொறுத்தவரையிற் பிழை. ஐந்து மாதங்களை அப்பிழை தின்றுவிட்டது. அதனாலேயே இப்பொருளை இவ்வாரம் எடுத்துக்கொண்டோம். கிளி வளர்க்கும் வேறு வீடுகளிலும் நம்மைப் போன்ற அவசரக்காரர் இருக்கக்கூடுமல்லவா?

இறகுதிர்த்தலையும் இறகு பிடுங்குதலையும் பிரித்தறிவது கடினமன்று. இயற்கையாக உதிரும்போது இறகுகள் ஒவ்வொன்றாக, இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்தபடி உதிரும். ஒன்று விழ மற்றொன்று முளைக்கும். எந்த வேளையிலும் தோல் வெளியே தெரிவதில்லை. பறக்க முடியாமற் போனாற் காட்டுப் பறவை பிழைக்காதென்பதால் இயற்கை இப்படி ஒழுங்கு செய்திருக்கின்றது. வெறுந்தோல் தெரிந்தால் அது உதிர்வன்று. அடுத்து, தலையைப் பார்க்க வேண்டும். கிளியின் அலகு எட்டாத இடம் அதன் சொந்தத் தலை ஒன்றே. தலையும் முகமும் இறகு குறையாதிருக்க, கழுத்துக்குக் கீழே மாத்திரம் மொட்டையானால், பிடுங்குவது அந்தக் கிளியேதான். தலையும் சேர்ந்து மொட்டையானால், ஒன்றில் உடனிருக்கும் பறவை பிடுங்குகின்றது, அன்றேல் நோய். அம்மாணவன் வந்த நாளிலே, "தலையில் இறகு இருக்கின்றதா?" என்ற ஒரு கேள்வியை நாம் கேட்டிருந்தால் போதும்.

நோயென்றோம். அலகையும் இறகையும் கெடுக்கும் வைரசு நோயொன்று கிளியினத்தில் உண்டு. முளைக்கும் இறகே கோணலாகவும் நலிந்தும் முளைக்கும். பிற கிளிகளுக்கும் தொற்றும். அதனைத் தீர்க்கும் மருந்தில்லை. இரத்தப் பரிசோதனையால் அதனை அறியலாம். குடற் கிருமி, ஈரல் நோய், தோலிற் பற்றும் நுண்கிருமிகள் என்பனவும் இறகைப் பிடுங்கச் செய்யும். துத்தநாகம் பூசிய கூட்டுக் கம்பியை ஓயாது கடிப்பதால் அவ்வுலோகம் உடலிற் சேர்ந்து நஞ்சாவதும் உண்டு. வெட்டிய சிறகின் முறிந்த காம்புகள் தோலில் உறுத்துவதே போதும், சில கிளிகள் இப்பழக்கத்தைத் தொடங்க. பறந்துவிடுமென்று அஞ்சிச் செட்டை நறுக்குவோர் இதனைக் கருத வேண்டும். ஆகவே முதலிற் போக வேண்டிய இடம் மிருக வைத்தியரிடமே. நாமும் அப்பிள்ளையும் மறுவாரமே கூட்டைத் துணியால் மூடி எடுத்துச் சென்றோம்.

வைத்தியர் எச்சத்தைச் சோதித்தார், தோலைப் பார்த்தார், பின்னர் கிளியை விட்டுவிட்டு நம்மைச் சோதிக்கத் தொடங்கினார். என்ன தின்கிறது? எங்கே தொங்குகிறது? எப்போது உறங்குகிறது? அதனோடு யார் பேசுவது? கடைசிக் கேள்விக்கு மாணவன் தலை குனிந்தான். அக்கிளியைக் குஞ்சாக வளர்த்தவள் அவன் தமக்கை. ஒரு காற்று மழையில் தலையற்ற பட்டப்பனையொன்று சரிந்தபோது, அதன் பொந்திலிருந்து விழுந்த குஞ்சு. பயற்றங் களியை விரலால் ஊட்டி, ஆறாண்டு அவள் தோளிலே வளர்ந்தது. அவள் பல்கலைக்கழகம் புகுந்து பேராதனை சென்றது ஆடி மாதம்; இறகு கொட்டத் தொடங்கியது ஆவணி. நாவூறும் அன்று, இறகுதிர்வும் அன்று.

இதனைக் கதையாகச் சொல்கிறோமென்று எண்ண வேண்டாம். கிளி கூட்டமாக வாழும் பறவை. துணையைத் தேர்ந்தால் அதனோடு ஒட்டி வாழ்வது. இனத்தாரைக் காணாது மனிதர் கையில் தனித்து வளர்ந்த கிளி, அம்மனிதரையே தன் துணையாகக் கொள்கின்றது. அவர் ஒரு நாள் மறைந்தால், அதற்குக் காரணம் சொல்லுவார் யார்? அதன் அறிவும் நாம் நினைப்பது போற் சிறிதன்று. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் ஆய்வாளர் 1977 இல் ஒரு கடையில் வாங்கிப் பழக்கிய அலெக்ஸ் என்னும் ஆபிரிக்கச் சாம்பற்கிளி, 2007 இல் இறக்கும் முன்னர் ஐம்பதளவு பொருள்களைப் பெயர் சொல்லவும், நிறங்களையும் வடிவங்களையும் பிரித்துக் கூறவும், ஆறு வரை எண்ணவும் கற்றிருந்தது. அத்தகைய மனத்தை ஒரு முழக் கூட்டில், ஒரு கிண்ணம் சோற்றோடு வைத்துவிட்டு, அது சும்மா இருக்குமென்று எதிர்பார்க்கின்றோம்.

கூட்டில் வாழும் கிளியினப் பறவைகளுள் ஏறத்தாழப் பத்திலொன்று இப்பழக்கத்திற்கு ஆளாவதாக வைத்தியர் கணிப்பர். சாம்பற்கிளியிலும் காக்கட்டு என்னும் கொண்டைக்கிளியிலும் இது மிகுதி. நம் பச்சைக்கிளியிற் குறைவு, ஆயினும் இல்லாமலில்லை. காட்டில் வாழும் கிளிகளிடத்திலோ இப்பழக்கம் பெரும்பாலும் அறியப்படாதது. ஏன்? மாலையிற் பனந்தோப்பிலே வந்திறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். விடியலில் எழுந்து, தொலைதூரம் பறந்து, காய் தேடி, தோல் நீக்கி, விதை உடைத்து, தின்பதிலும் கூடுதலாகக் கீழே கொட்டி (இதைக் கமக்காரரிடம் கேட்டால் வேறு சொற்களாற் சொல்லுவர்), நாளிற் பல மணி நேரத்தை உணவு தேடுவதிலேயே கழிக்கின்றது. கூட்டுக்கிளி அதே உணவைச் சில நிமிடங்களில் முடிக்கின்றது. எஞ்சிய பகல் முழுவதும் அந்த அலகுக்கு என்ன வேலை? உரிக்கவும் கிழிக்கவும் பிறந்த அலகு, எட்டிய பொருளை உரிக்கின்றது. எட்டியது தன் நெஞ்சு.

இது வெறும் ஊகமன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செரில் மீஹன் முதலிய ஆய்வாளர்கள் 16 இளம் அமேசன் கிளிகளை இரு பகுதியாக்கி 48 வாரங்கள் அவதானித்து, 2003 இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதிக்கு வெறுங் கூடு; மற்றதற்கு உணவைத் தேடி எடுக்க வேண்டிய பொறிகளும், ஏறவும் கடிக்கவும் பல பொருள்களும். வெறுங் கூட்டுக் கிளிகளின் இறகு நாளடைவிற் கெட்டது. மற்றவற்றின் இறகு நன்றாயிருந்தது. பின்னர், கெட்டுப்போன கிளிகளுக்கும் அவ்வாறே வேலை கொடுத்தபோது அவையும் தேறின. நமக்கு நம்பிக்கை தந்தது இந்தப் பின்பகுதியே. அதே ஆய்வுகூடத்தார் 2006 இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, இப்பழக்கம் அயற்கூட்டுக் கிளியைப் பார்த்து ஒட்டிக்கொள்வதன்று என்றும், பிறப்பு வழியாகவும் ஓரளவு வருகின்றதென்றும், அறை வாசலுக்கு நேரே கூடு வைக்கப்பட்ட கிளிகளிடத்தில் இது கடுமையாயிருந்ததென்றும் காட்டிற்று. இதைப் படித்தபோது அவ்விறாந்தை நம் நினைவுக்கு வந்தது. கூடு படலைக்கு நேரே தொங்கியது. நாயும் சைக்கிளும் மீன்காரரும் வந்தவர் போனவரும் யாவரும் அதன் கீழாகவே சென்றனர். ஒதுங்க ஓரிடமில்லை.

ஆகவே செய்தவை இவை. கூட்டை உள்விறாந்தையின் மூலைக்கு மாற்றினோம். இரு பக்கம் சுவர், ஒரு பக்கம் குடும்பத்தார் இருந்து பேசும் இடம். மாலை ஏழு மணிக்குத் துணியால் மூடி விடியும்வரை இருளில் விடும்படி சொன்னோம். தொலைக்காட்சி பத்து மணிவரை அலறும் வீட்டிற் கிளிக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு மணித் துயில் கிடைப்பதில்லை. காலையில் மெல்லிய தூவானமாக நீர் தெளித்தார்கள். குளித்த கிளி பிடுங்காது, கோதும்.

உணவு பெரிய காரியம். அதுவரை அது தின்றது சோறும் சூரியகாந்தி விதையும் தேநீரில் தோய்த்த பாணும். விதையிலும் சோற்றிலும் உயிர்ச்சத்து ஏ மிகக் குறைவு. அது குறைந்தால் தோல் வறண்டு அரிப்பெடுக்கும். தேநீர் பறவைக்கு ஆகாது. முருங்கையிலை, கரட், பூசணி, பப்பாப்பழம், கொய்யா, முளைகட்டிய பயறு என்பவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கினார்கள். மிளகாயும் கொடுக்கலாம், அதன் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லை. கிளி மிளகாயைக் கடித்துச் சிரிப்பது போல நம்மைப் பார்ப்பதன் இரகசியம் இதுவே. பட்டர் புரூட் எனப்படும் அவகாடோ மாத்திரம் கூடவே கூடாது. அது கிளிக்கு நஞ்சு.

வேலை கொடுக்கும் வகையை அப்பாச்சியே கண்டுபிடித்தார் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. எண்ணெய் பூசச் சொன்ன அதே அப்பாச்சி. பனங்கட்டிக் குட்டான் பின்னுவதில் அவர் கைதேர்ந்தவர். சிறு சிறு குட்டான்களைப் பச்சையோலையிற் பின்னி, உள்ளே பயற்றையும் மிளகாயையும் வைத்து மூடிக் கூட்டிற் கட்டினார். கிளி முதல் நாள் அஞ்சிற்று. இரண்டாம் நாள் ஓலையை நுனியிற் கடித்தது. ஒரு கிழமையின் பின்னர், ஒரு குட்டானைக் கிழித்து முடிக்க அதற்கு முழுக் காலைப்பொழுதும் சென்றது. கடையில் விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பொருளிலும் இது மேலென்பது நம் கருத்து.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். இறகிற் பூசிய எண்ணெய் இறகுகளை ஒட்டவைத்து, உடற்சூட்டைக் காக்கும் அவற்றின் ஆற்றலைக் கெடுக்கும். கிளி அதனைக் கழிக்க முயன்று மேலும் பிடுங்கும். மண்ணெண்ணெய் பூசுவோரும் உளர். அது கொலைக்கு ஒப்பானது. பிடுங்கும்போது அதட்டுவதும் வீண். தனித்திருந்த கிளிக்கு அதட்டலும் ஒரு பேச்சே. அதனைப் பெறுவதற்காகவே மீண்டும் பிடுங்கும். பிடுங்காதிருக்கும்போது போய்ப் பேசுவதே நன்று. தடவுவதானால் தலையையும் கழுத்தையும் மாத்திரம் தடவலாம். அங்கே முளைக்கும் குருத்தின் உறையைத் தானே நீக்கிக்கொள்ள அதனால் இயலாது. முதுகையும் சிறகின் கீழையும் தடவினாற் கிளி அதனை இணைசேரும் அழைப்பாகக் கொண்டு அமைதி இழக்கும்.

தமக்கையார் பேராதனையிலிருந்து கைத்தொலைபேசியில் நாள்தோறும் அழைத்தார். குரல் கேட்டவுடன் கிளியின் கண்மணி சுருங்கி விரியும். தலையை இங்குமங்கும் திருப்பித் தேடும். இது அதற்கு ஆறுதலா, வேதனையா என்பதில் நமக்கு ஐயம் இருந்தது. வீட்டார் நிறுத்தவில்லை, நாமும் நிறுத்தச் சொல்லவில்லை.

மாசியில் முதற் குருத்துகள் தோன்றின, பாதியைப் பிடுங்கிற்று. பங்குனியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வீடே கலங்கியபோது மீண்டும் நெஞ்சு மொட்டையாயிற்று. சித்திரைக்குப் பின்னர் நிலைத்தது. ஆடியில் நாம் போய்ப் பார்த்தபோது நெஞ்சு நிறையப் பச்சை இருந்தது. இடது தொடையில் மாத்திரம், ஒரு காசளவு, தோல் வழுவழுப்பாகவே இருந்தது. பல முறை பிடுங்கப்பட்ட இடத்தில் இறகின் வேர்க்குழி பழுதுபட்டு, பின்னர் முளையாமலே போகக்கூடும் என்று வைத்தியர் முன்னரே சொல்லியிருந்தார்.

மாணவன் அவ்விடத்தைச் சுட்டிக்காட்டி, "சேர், ஆவணியிலேயே கொண்டு போயிருந்தால் இதுவும் முளைச்சிருக்குமோ?" என்று கேட்டான்.

"முளைத்திருக்கும் என்றே நினைக்கிறோம், தம்பி" என்றோம்.