டீசலா? பெட்ரோலா? கணக்குப் போடுவோம்!

எங்க அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார. பழைய குட்டியானை ஓய்ந்துவிட்டது, வேறு வாங்கணும். "லோடு வண்டின்னா டீசல்தான்டா" என்கிறார். "பெட்ரோல் போதும்ப்பா" என்கிறேன் நான். வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான்!

அப்பா சொல்வது ஒரு காலத்தில் சரி. 2012 மே மாதக் கடைசியில் சென்னையில் பெட்ரோலை விட டீசல் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் மலிவு. அரசு டீசல் விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு போச்சு. 2024-இல் சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய். வித்தியாசம் ரொம்பக் குறைஞ்சு போச்சு!

டீசல் வண்டி நல்லா இழுக்கும், மைலேஜும் அதிகம். இல்லைன்னு சொல்லலை. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம், ஆனால் வண்டி விலை 60,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை எடுக்க 30,000 கி.மீ. ஓட்டணும். தினம் 100 கி.மீ. ஓடுகிறவருக்கு 300 நாள் போதும். அப்பா ஓட்டுவதோ தினம் 30 கி.மீ.தான். ஆயிரம் நாள் ஆகும்! அதுவரை கூடுதல் கடனுக்கு வட்டி யார் கட்டுவது?

தூரம் ஓடுகிறவருக்கு டீசல், பக்கத்தில் ஓடுகிறவருக்குப் பெட்ரோல். இதுவே என் கருத்து.

தோழர்களே, உங்க வீட்டில் வண்டி வாங்கினால் மைலேஜை மட்டும் கேட்காதீங்க. தினம் எத்தனை கி.மீ. ஓடும்னு முதலில் கேளுங்க.

அப்பா இன்னும் ஒத்துக்கலை. ஆனால் நேற்று முதல் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறார்!