அரக்கைச் சுரண்டும் முன்

வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது விசேஷம் வந்தால், தாத்தா காலத்துத் தேக்கு பீரோவுக்குச் சனி பிடித்துவிடும். “எல்லாத்தையும் சுரண்டிட்டு பி.யு. அடிச்சுரலாம் சார், முகம் பார்க்கலாம்” என்பார் பாலிஷ் போட வருகிறவர். வீட்டுக்காரரும் தலையாட்டுவார். இந்தச் சுரண்டல் பெரும்பாலும் தேவையே இல்லை என்பது என் கட்சி.

பழைய சாமான்கள் பலவற்றில் இருப்பது அரக்குப் பூச்சு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் புரசு, இலந்தை மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சால் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவார்கள். கதவின் உள்விளிம்பில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான்.

அரக்கின் அருமை என்னவென்றால், புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஆகவே அழுக்கைத் துடைத்து, மேலே மெல்லிசாக இரண்டு மூன்று கை ஏற்றினால் போதும். மரத்தைத் தொடவே வேண்டாம். சூடான காபி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுகிறதே, அது பெரும்பாலும் மரத்தில் விழுந்த கறை அல்ல, பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம். ஸ்பிரிட்டில் நனைந்தும் நனையாத துணியை லேசாக ஒரு முறை ஓட்டினால் பல நேரம் மறைந்துவிடும். ஒரே இடத்தில் கையை நிறுத்தினால் பூச்சே கையோடு வரும், ஜாக்கிரதை.

பி.யு., அதாவது பாலியூரிதேன் பூச்சு, தண்ணீருக்கும் சூட்டுக்கும் நன்றாகவே தாங்கும். புதுச் சாப்பாட்டு மேஜைக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் காய்ந்து இறுகிய பி.யு. ஸ்பிரிட்டில் கரையாது. பூச்சு வெடித்து உரியத் தொடங்கினால் மரம்வரை சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் செதுக்குவேலையின் கூர் மழுங்கும். வெனீர் ஒட்டிய சாமானாக இருந்தால், மெஷினைக் கொஞ்சம் அழுத்தினாலே அடிப்பலகை பல்லிளிக்கும்.

பசைக்கும் இதே கதைதான். பழைய ஆசாரிகள் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தால் கழுந்தை ஒட்டினார்கள். ஆடுகிற நாற்காலிக் காலில் வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் பசை இளகும். காலைக் கழற்றி, பழைய பசையை வழித்துவிட்டுத் திரும்பப் பொருத்தலாம். இப்போது எபாக்ஸியை ஊற்றி, போதாக்குறைக்கு ஒரு ஸ்க்ரூவையும் முடுக்குகிறோம். அடுத்த முறை உடைவது பசையல்ல, கழுந்து.

ஐப்பசி மழையில் இழுப்பறை இறுகிக்கொண்டது என்று உடனே இழைப்புளியை எடுப்பதும் இந்த அவசரத்தில் சேர்த்திதான். மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. பங்குனி வெயிலில் தானே இறங்கிவிடும். இழைத்துத் தள்ளிய இழுப்பறையோ அப்போது லொடலொடக்கும். அதுவரை ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டலாம்.

உளுப்புக்குத் தேக்கின் வைரம் எளிதில் இடம் கொடுக்காது, வெளிறு கொடுத்துவிடும். பழைய துளையைப் பார்த்ததும் பதற வேண்டாம். கீழே கொட்டிய மாவைக் கூட்டிவிட்டு, புதிதாக விழுகிறதா என்று சில வாரம் கவனித்து மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

தேங்காயெண்ணெய் தடவும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது காயாது; தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். பூச்சில்லாத மரத்துக்கு எண்ணெய்தான் வேண்டும் என்றால் ஆளி விதை எண்ணெய் நல்லது, காற்றுப் பட்டு இறுகிவிடும். இறுகும்போது சூடும் கிளம்பும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

- கட்டுரையாளர், பழைய மரச்சாமான்களைச் சீரமைக்கும் தொழிலில் இருப்பவர்.